வெளக்கு வெச்சப்புறம் ஒறமோரு

இல்லம்மா, நான் எதுவும் விக்க வரல. பையில இருக்கறது வெறும் சொம்பு, நீயே பாரு. சீட்டுப் புடிக்கறவளும் இல்ல, ஜெபக் கூட்டத்துக்குக் கூப்புடறவளும் இல்ல. கழுத்துல சிலுவையப் பாத்து சந்தேகப்பட்டியா? அது பாட்டுக்கு அது தொங்குது. ஆதிகேசவன் வீடுதானே இது? அப்ப சரியாத்தான் வந்திருக்கேன். முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடு. சிவாஜிநகர்ல ஏறி, மார்க்கெட்ல எறங்கி இன்னொரு பஸ் புடிச்சு, ஓசூர் ரோடு பூரா லாரிப் பொகைய முழுங்கிட்டு வர்றேன்.

அப்பாடா. நல்லா இரும்மா. வீட்டுக்காரர் எப்ப வருவாரு? செகண்ட் ஷிஃப்ட்டா, அப்ப நிம்மதியாப் பேசலாம். நீ கை வேலைய விடாத. பீன்ஸ்தானே, ஒரு கத்தி குடு, நானும் நறுக்கறேன். சும்னே ஒக்காந்து பேசறதுன்னா எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

என்ன வாசனை அது, பெயின்ட்டா? ஓ, பக்கத்து வீட்லயா. டிஸ்டம்பரே அடிக்கறாங்களா. பரவால்ல, செலவு பண்றாங்க.

என் பேரு நோரா. மர்பி டவுன்ல எல்லாருக்கும் நோரா ஆன்ட்டி. ஸ்கூல்ல தையல் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. கோயில் பக்கத்துல எங்களுக்கு ஒரு மாதர் சங்கம் இருக்கு. கிறிஸ்துவங்க மட்டும்னு இல்ல, தெருவுல யார் வேணா வரலாம். அந்த சங்கத்துக்கு ஒரு ட்ரஸ்ட்டுல சின்னதா ஒரு கிராண்ட் குடுத்தாங்க, ஒரு வருஷத்துக்கு. எதுக்குன்னா, வீட்டுக்குள்ள பொம்பளைங்கள அடிக்கறது ஒதைக்கறது இருக்கு பாரு, அது நடக்காம இருக்க தெருவுக்குப் பாடம் நடத்தணும். அதுக்கு ஒரு பேர் வெச்சாங்க, வன்முறைத் தடுப்பு சமுதாயக் கல்வின்னு. எனக்கே நாக்கு சுளுக்கிக்கும். எங்க பொம்பளைங்க அதைச் சொல்ல மாட்டாங்க, ஒத கிளாசுன்னு சொல்லுவாங்க. இன்னைக்கு ஒத கிளாசு இருக்கா ஆன்ட்டி, அப்படின்னு.

சிரி சிரி. நாங்களும் சிரிச்சோம்.

ட்ரஸ்ட்டுலேர்ந்து அம்ருதான்னு ஒரு மேடம் வரும். நல்ல பொண்ணும்மா, படிச்ச பொண்ணு, குறை சொல்ல மாட்டேன். கட்டுக் கட்டா போஸ்டர் கொண்டாந்துச்சு. ஒரு பொம்பள தலைய முழங்கால்ல வெச்சு அழுவறா, மேல ஒரு கை ஓங்கியிருக்கு. ராத்திரி ஒட்டினோம், காலைல பாத்தா அந்த அழுவற பொம்பளைக்கு மீசை வரைஞ்சு வெச்சிருக்கானுங்க. சரி போஸ்டர் வேணாம்னு நாடகம் போட்டோம். யாரும் புருஷன் வேஷம் கட்ட மாட்டேன்னுட்டாங்க, அப்புறம் என்ன, நான்தான் கட்டினேன். லுங்கி, பனியன், வாயில பீடி. நான் ஓங்கறப்ப எல்லாம் ஆம்பளைங்க விசில் அடிக்கறாங்க. எங்க தெருவுல தியோடர்னு ஒருத்தன், பெயின்ட்டரு, தெனம் குடிச்சுட்டு பெண்டாட்டிய வெளுக்கறவன், அவனே வந்து கை குலுக்கறான். சூப்பரா அடிச்சீங்க ஆன்ட்டின்னு. எனக்கு அன்னைக்கு வீட்டுக்குப் போயி சோறு எறங்கல. கிராண்ட் வாங்கி அடிக்கக் கத்துக் குடுத்த மாதிரி ஆயிடுச்சேன்னு.

ஹௌது, ஆமா, சொல்றேன், எதுக்கு இங்க வந்தேன்னுதானே கேக்கறே. அங்கதான் வந்துட்டிருக்கேன்.

அந்த தியோடர் பெண்டாட்டி பேரு பெட்டி. அவங்களுக்கு ஒட்டின வீடு ருக்மிணி வீடு. ஒரே செவுரு, இதோ உங்க லைன் வீடு மாதிரித்தான். இந்தப் பக்கம் தும்முனா அந்தப் பக்கம் கேக்கும். ஒரு நாள் சாயங்காலம் ருக்மிணி வீட்ல தயிர் கெட்டுப் போச்சு. பாலுக்கு ஒற ஊத்தணும், ஒரு கரண்டி மோரு வேணும். பக்கத்து வீட்ல வழக்கம் போல சத்தம். இவ என்ன பண்ணா, அதை எல்லாம் யோசிக்கவே இல்ல, அவளுக்கு அவ பாலு கவலை. கதவைத் தட்டிட்டா. தியோடர் தொறக்கறான், கையில பெல்ட்டு. இவ சொம்ப நீட்டி, கொஞ்சம் ஒறமோரு இருக்குமாங்கறா.

இப்ப நீ யோசி. அவன் என்ன பண்ணுவான்? ஒரு கரண்டி மோருக்கு இல்லன்னு சொல்ற வீடு உண்டா? சொல்லவும் முடியல. உள்ள போயி எடுக்கலாம்னா, எந்த ஆம்பளைக்கும்மா வீட்ல ஒறமோரு எந்த ஏனத்துல இருக்குன்னு தெரியும்? பெண்டாட்டியத்தான் கூப்புடணும். கூப்புட்டான். பெட்டி மொகத்தத் தொடச்சுக்கிட்டு, கரண்டியில மோரு எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்தா. ருக்மிணி மொகத்தப் பாத்தா. ஒதடு கிழிஞ்சிருக்கு. இவ ஒண்ணும் கேக்கல, நாளைக்குத் திருப்பித் தரேன்னா, பூசணி வெல என்னா, கொழந்தைக்கு ஜொரம் போச்சான்னு வாசல்லயே நின்னு பேசினா. அவன் பெல்ட்ட எங்க வெக்கறதுன்னு தெரியாம நின்னான். அப்புறம் இடுப்புல கட்டிக்கிட்டு வெளிய போயிட்டான்.

இதை ருக்மிணி ஒத கிளாசுல ஒரு வேடிக்கையா சொல்றா. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. இதாண்டி பாடம், இதைத்தான் நடத்தணும்னேன்.

அப்புறம் போஸ்டரும் இல்ல நாடகமும் இல்ல. பக்கத்து வீட்ல சத்தம் கேட்டா சொம்ப எடுத்துக்கிட்டுப் போ. ஏன் அடிக்கறேன்னு கேக்காத, கேட்டா அவனுக்கு ரோஷம் வரும், நீ போனப்புறம் அவளுக்கு இன்னும் ரெண்டு விழும். ஒறமோரு கேளு. அவ வாசலுக்கு வரணும், நீ அவ மொகத்தப் பாக்கணும், நீ பாத்தேன்னு அவனுக்குத் தெரியணும். அவ்வளவுதான். வராட்டி, வந்தாத்தான் போவேன்னு நில்லு. அடுத்த வீட்டுக்காரிய அனுப்பு, அவளும் மோரே கேக்கட்டும்.

ருக்மிணிதான் ஒரு சந்தேகம் கேட்டா. நாங்க வெளக்கு வெச்சப்புறம் பாலு தயிரு மோரு வெளிய குடுக்க மாட்டோமே, லட்சுமி போயிடுவாளேன்னு. எங்க ஆளுங்களுக்கு அப்படி ஒரு பழக்கம் கெடையாது, எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். நீங்களும் குடுக்க மாட்டீங்களா? உங்க ஊரு தருமபுரியா? ஆமா, அந்தப் பக்கமும் அப்படித்தான் இருக்கும். இப்ப சிக்கல் என்னன்னா, அடி விழறதே வெளக்கு வெச்சப்புறம்தானே. குடிச்சுட்டு வர்ற நேரமே அதுதானே. அப்புறம் ருக்மிணியே சொன்னா, குடுக்கத்தானே கூடாது ஆன்ட்டி, கேக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது? அவ வெளிய வந்து, வெளக்கு வெச்சாச்சு நாளைக்கு வாங்கன்னு சொல்லட்டுமே. மோரா முக்கியம், மொகம்தானேன்னா. அம்ருதா மேடம் அதை அப்படியே இங்கிலீஷ்ல எழுதிக்கிச்சு. மோருக்கு இங்கிலீஷ்ல என்னமோ பெரிய பேரா வெச்சு ரிப்போர்ட்டு அனுப்பிச்சு.

கிளாசுல ஒத்திகை பாப்போம். நான் புருஷன், பழைய வேஷம்தான். கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு கண்டபடி கத்துவேன், ஒவ்வொருத்தியா வந்து தட்டணும். பாதிப் பேரு தட்டாமலே திரும்பிப் போயிடுவாங்க. என் பொண்ணும் வருவா, அப்ப கல்யாணம் ஆகல அவளுக்கு. அவ தட்டறதே தனி. நான் எவ்ளோ கத்தினாலும் சொம்ப மூக்குக்கிட்ட நீட்டி, ஒறமோரு இருக்கா அங்கிள்னு இளிப்பா. எல்லாரும் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க. இத்தனைக்கும் அவளுக்குத் தயிருன்னாலே ஆகாது. சின்ன வயசுலேர்ந்தே அந்த வாசனைக்குக் கொமட்டும். தட்டுல மோரு ஒரு சொட்டு பட்டாலும் சோத்தை அப்படியே தள்ளி வெச்சிடுவா.

ம்? அடி நின்னுச்சான்னு கேக்கறியா? இல்லம்மா. பொய் சொல்லி என்ன ஆகப் போவுது. தியோடர் இன்னும் குடிக்கறான். எங்க தெருவுல இன்னும் சத்தம் கேக்குது. ஆனா சத்தம் கேட்டா ஒரு கதவு தொறக்கும், ரெண்டாவது கதவு தொறக்கும், சொம்புங்க கெளம்பும். பெட்டி உசுரோட இருக்கா. அதுக்கு மேல நான் பெருமையா எதுவும் சொல்லிக்க மாட்டேன்.

வருஷம் முடிஞ்சுது, கிராண்ட்டும் முடிஞ்சுது. இதோ உங்க ஹெப்பகோடிப் பக்கம் வெளியூர்லேர்ந்து வேலைக்கு வந்த குடும்பம் ஜாஸ்தி, யாருக்கும் யாரையும் தெரியாது, அங்க நடத்தலாம், இன்னொரு வருஷம் குடுங்கன்னு கேட்டேன். எங்க ஏரியா இல்லன்னுட்டாங்க. அவங்களுக்கு ஒரு சட்டம் இருக்குமில்ல. அம்ருதா மேடம் எவ்ளோ பேசிப் பாத்துச்சு, பாவம்.

அதனால இப்ப நான் யாரு அனுப்பியும் வரல. நானாத்தான் வந்தேன். உன் ஒருத்தி வீட்டுக்குத்தான் வந்தேன், இந்த லைன்ல வேற எந்த வீட்டுக்கும் போகல. உனக்கு அந்தச் சொம்புப் பாடம் சொல்லிக் குடுக்கணும். ஏன் உனக்குன்னா, இந்தச் செவுரு இருக்கு பாரு, இது உன் செவுரு. அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் முதல்ல கேக்கற காது உன் காதுதான்.

கோவப்படாதம்மா. ஒக்காரு. ஒக்காரு, கத்தியக் கீழ வெச்சுட்டுப் பேசு. நீ எதுவும் கேக்கலன்னு சொல்லிட்டேன்னு எனக்குத் தெரியும். விசாரிக்க வந்த போலீஸ்காரங்ககிட்ட டிவி ஓடிட்டிருந்துச்சுன்னு சொன்னே. அதுக்கு நான் வரல. கோர்ட்டுக்கு வான்னு சொல்லப் போறதில்ல, கையெழுத்து கேக்கப் போறதில்ல. ஆமா, அந்த வீட்டுப் பொண்ணு வழுக்கி விழுந்து செத்துட்டான்னுதான் சொன்னாங்க. பாத்ரூம்ல. சரி. அப்படியே இருக்கட்டும், நான் இப்ப அதைப் பேசல. நாளைக்கு அங்க வேற ஒருத்தி வருவா இல்ல, அதைத்தான் பேசறேன்.

உனக்கும் தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரனே சொன்னானா? அதுக்குத்தான் டிஸ்டம்பரு. ஆமாம்மா, கல்யாணம்தான்.

என்ன?

இரு. என்ன சொன்னே இப்ப? மெதுவா சொல்லு.

இங்க இருந்த அந்தப் பொண்ணும் கேப்பாளா. ஒறமோரா.

எப்ப கேட்டா? அப்பப்பன்னா? சொம்பு எடுத்துட்டு வந்தாளா. எந்த நேரத்துல? காலைலயா சாயங்காலமா, நல்லா யோசிச்சு சொல்லு. அவசரமில்ல.

வெளக்கு வெச்சப்புறம்.

நீ என்ன சொல்லுவே? வெளக்கு வெச்சாச்சும்மா, காலைல வான்னு. சரி. அது உங்க வழக்கம், நீ வேற என்ன சொல்லுவே. கதவத் தொறந்து சொன்னியா, ஜன்னல் வழியாவா? ஜன்னல் வழியா. கொசு வரும்னு கதவத் தொறக்க மாட்டே. வெளிய லைட்டும் இல்ல.

காலைல வந்து கேட்டாளா, ஒரு நாளாச்சும்? வரல இல்ல. காலைல கேக்க மாட்டா.

இன்னும் கொஞ்சம் தண்ணி குடும்மா. இல்ல, ஒண்ணும் இல்ல, தல சுத்தல. நீ ஒக்காரு, நானே மொண்டுக்கறேன்.

நான் இதைக் கேக்கணும்னு வரல, பாரு. எனக்கு இது தெரியாது. உனக்குச் சொல்லிக் குடுக்கலாம்னு வந்தேன். ஊர் பேர் தெரியாத எடத்துல ஒருத்தி தனியா கெடந்திருக்காளே, பக்கத்துல யாருக்கும் இந்தப் பாடம் தெரியாமப் போச்சேன்னு நெனச்சுக்கிட்டு வந்தேன். இங்க வந்து பாத்தா அவ பாடத்தத் திருப்பிப் போட்டு நடத்தியிருக்கா. யாரும் சொம்பு எடுத்துட்டு வந்து தட்டல. சரி, நானே எடுத்துட்டுப் போறேன்னு கெளம்பியிருக்கா. குடுக்க மாட்டீங்கன்னு அவளுக்குத் தெரியும்மா. ருக்மிணி சொன்னப்ப அவ அங்கதான் ஒக்காந்திருந்தா. குடுக்காட்டிப் பரவால்ல, கதவத் தொறந்து மொகத்தப் பாத்தாப் போதும்னு வந்திருக்கா. எங்க தெருவா இருந்தா அந்தச் சொம்பப் பாத்ததும் உள்ள இழுத்துப் போட்டுக் கதவச் சாத்தியிருப்பாங்க. இங்க யாருக்குத் தெரியும், தயிருக்குத்தான் கேக்கறான்னு நெனப்பாங்க. நீயும் அப்படித்தானே நெனச்சே.

தயிருக்கு எதுக்கும்மா கேக்கப் போறா. டீனா தயிரே தொட மாட்டா. நான்தானே பெத்தேன், எனக்குத் தெரியாதா.

அழாத. ஏய், அழாதம்மா. நீ என்னைப் பாத்ததில்ல, உனக்கு எப்படித் தெரியும். நான் பக்கத்து வீட்டுக்கு வந்ததே ஒரு தடவதான், அப்ப நீங்க ஊருக்குப் போயிருந்தீங்க. அதுக்கப்புறம் அவ புருஷன் ஜாய்சன் வரவிடல. போன்ல பேசுவா. எஸ்டிடி பூத்துல அவன் பக்கத்துலயே நிப்பான், நல்லா இருக்கேன் மம்மின்னு சொல்லி வெச்சிடுவா. கடைசியா அவளக் குளிப்பாட்டினது நான்தான். வழுக்கி விழுந்தா மண்டையில அடிபடும், சரி. முதுகு பூரா பட்டை பட்டையா எப்படி வரும்? சொல்ல வேண்டிய எடத்துலல்லாம் சொன்னேன். நீ வேற, நான் எவ்ளோ கதவு தட்டிட்டு வந்திருக்கேன்னு உனக்குத் தெரியாது.

உன் மேல கோவம் இல்லன்னு சொன்னா அது பொய்யி. இருக்கு. இப்ப இந்த நிமிஷம்தான் வந்துச்சு. அதை வெச்சு நான் என்ன பண்ண? உன்னை ரெண்டு வார்த்தை திட்டிட்டு பஸ் ஏறிடலாம். அப்புறம் அந்தப் புதுப் பொண்ணுக்கு யாரு இருக்கா?

ரிச்சர்ட்ஸ் டவுன் பொண்ணு. ஓஸ்வால்ட்னு ஒருத்தரோட கடைசிப் பொண்ணு. என் தங்கச்சியப் பாக்கப் போனேன், அப்படியே பூசைக்குப் போனேன், சாமியார் கல்யாண ஓலை வாசிக்கறாரு, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு. ஜாய்சன்னு காதுல விழுது. தாரம் இழந்தவர்னு வாசிச்சாரு பாரு, நான் பாதிப் பூசையில எழுந்து நின்னுட்டேன். தடை ஏதாச்சும் தெரிஞ்சவங்க வந்து சொல்லணும்னு ஓலையிலயே வரும். போனேன், சொன்னேன். கேஸே முடிஞ்சு போச்சேம்மா, நான் எதை வெச்சு நிறுத்தறதுன்னாரு. ஓஸ்வால்ட் வீட்டுக்கும் போனேன். உங்க துக்கம் புரியுதுங்கன்னாங்க. மரியாதையா காபி குடுத்தாங்க. அந்தப் பொண்ணு உள்ள ரூம்ல ஜாக்கெட் அளவு பாத்துட்டிருந்தா, நான் பேசறது கேட்டிருக்கும். வெளிய வரல.

வர்ற ஞாயித்துக்கிழமை கல்யாணம். அப்புறம் அவ இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம்தான் இருப்பா. அவளுக்கு நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்க முடியாது, அவ என்னைக் கிட்ட சேக்க மாட்டா. உனக்குத்தான் சொல்லிக் குடுக்க முடியும்.

பயமா இருக்கா? இருக்கும். எங்க ருக்மிணிக்கும் ரெண்டாவது தடவை பயமாத்தான் இருந்துச்சு. முதல் தடவை அவளுக்கு விஷயமே தெரியாது, பாலுக்காகப் போனா. தெரிஞ்சுக்கிட்டுப் போறதுதான் கஷ்டம். அதுக்குத்தான் ஒத்திகை.

இந்தா, சொம்பு. இது டீனா வீட்டுச் சொம்பு, அவ சாமானோட எனக்குத் திரும்பி வந்துச்சு. இங்கயே வெச்சுக்கோ, சமையக்கட்டுல கை எட்டற எடத்துல வெச்சுக்கோ. கண்ணத் தொடச்சுக்கோ. எழுந்திரு.

வெளக்கு ஏத்தற நேரம் ஆச்சு இல்ல? ஏத்து, நான் காத்திருக்கேன். ஏத்திட்டு வெளிய போயி நில்லு. நான் கதவச் சாத்திக்கிட்டு இந்தப் பக்கம் நிக்கறேன், நான்தான் ஜாய்சன். கத்துவேன், கெட்ட வார்த்தை எல்லாம் வரும், நீ அதைக் கேக்காத. தட்டணும். நான் என்ன சொன்னாலும் போகக் கூடாது. அவ வெளிய வர்ற வரைக்கும், மொகம் தெரியற வரைக்கும் நிக்கணும்.

ம், தட்டு.

கேக்கலம்மா. இன்னும் சத்தமாத் தட்டு.